எட்டுப் பாவு தூரம்

அந்தோணியைக் கொன்றது ஒரு புடவைதான் என்று கொல்லைமேட்டில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். பன்றி குத்திச் செத்த மனுஷனுக்குப் புடவை எப்படி எமனாகும் என்று வெளியூர்க்காரர் யாராவது கேட்டால் அதற்கும் பதில் தயாராக இருந்தது. ஜெயம்மாள் தன் நிலக்கடலைக் கொல்லையைச் சுற்றிக் கட்டியிருந்த புடவைகளில் ஒன்றில் ஜரிகை இருந்தது. துப்பாக்கி மேல் பூட்டியிருந்த லேசர் ஸ்கோப் அந்த ஜரிகையில் ஏமாந்து தூரத்தைத் தப்பாகக் காட்டியது. தப்பான தூரத்துக்குச் சுட்டதால் பன்றி சாகாமல் காயத்தோடு ஓடியது. ஓடிய பன்றி அந்தோணியின் தொடையைக் கிழித்தது. டீக்கடையில் இதைத் தேங்காய் உடைத்த மாதிரி சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

ஊருக்கு எப்போதும் ஒரு காரணம் வேண்டும். கையில் பிடித்துக் காட்டுகிற காரணமாக இருந்தால் இன்னும் வசதி. ஆனால் அந்தக் கதையில் ஒரு இடம் சரியில்லை என்பது சுட்டவளுக்குத் தெரியும். அதை அவள் சொன்னால் ஜெயம்மாள் தலையிலிருந்து ஓர் உயிர்ப்பழி இறங்கி அவள் தலையில் ஏறும். சொல்லாவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை.

சுட்டவள் பெயர் அம்சா. வனக் காவலர். பயிரை அழிக்கிற பன்றிகளைச் சுட அனுமதி வந்த பிறகு, குறி பார்த்துச் சுடுவதற்கென்று பயிற்சி கொடுத்து அனுப்பியவர்களில் அவள் ஒருத்திதான் பெண். பிறந்து வளர்ந்தது சின்ன காஞ்சிபுரத்தில். அந்தத் தெருவில் காலை வேளையில் பட்டு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிப் பாவு நீட்டுவார்கள். மூன்று புடவைக்கான நூல் ஒரே நீட்டமாக, ஏறக்குறைய இருபது மீட்டருக்கு, இடுப்பு உயரத்தில் நிற்கும். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று யாரும் அதைத் தாண்டிவிட முடியாது, சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். அப்படிச் சுற்றிச் சுற்றியே அவளுக்குத் தூரம் என்றால் பாவு என்று ஆகிவிட்டது. பஸ் ஸ்டாப் பத்துப் பாவு, கோயில் மதில் மூன்று பாவு. பயிற்சியில் ஒரு மரத்தைக் காட்டித் தூரம் கேட்டபோது, “ஆறு பாவு இருக்கும் சார்” என்று வாய் தவறிச் சொல்லிவிட, எல்லோரும் சிரித்தார்கள். அளந்து பார்த்தபோது கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் சொல்லிக்கொடுத்தவர், “கண்ணை நம்பாதே, கருவியை நம்பு” என்றார். அவளும் எழுதிக்கொண்டாள்.

கருவி என்றால் அந்த ஸ்கோப். பார்க்கக் கறுப்புக் குழாய்தான். அதற்குள் கண்ணை வைத்துப் பக்கவாட்டுப் பட்டனை அமுக்கினால், எதிரே இருப்பதன் மேல் லேசர் பட்டுத் திரும்பி வந்து, அது எவ்வளவு மீட்டரில் இருக்கிறது என்று எண் காட்டும். எண்ணோடு ஒரு சிவப்புப் புள்ளியும் எரியும். தூரம் கூடக் கூடக் குண்டு தாழ்ந்து போகும் அல்லவா, அதற்குத் தக்கபடி அந்தப் புள்ளி இடம் மாறி நிற்கும். புள்ளியைப் பன்றியின் முன்னங்காலுக்குப் பின்னால் வைத்துச் சுட வேண்டியதுதான். மற்ற கணக்கையெல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும்.

அந்த ஸ்கோப் வந்ததில் அம்சாவைவிட அந்தோணிக்குத்தான் பெருமை. அவர் வேட்டைத் தடுப்புக் காவலர். நிறைய வருஷம் காட்டில் தடியும் டார்ச்சுமாக அலைந்தவர். ஸ்கோப்பைக் கண்ணாடி என்றுதான் சொல்வார். ஜீப்பில் போகும்போது அதன் பெட்டியை மடியில் வைத்துக்கொள்வார். குழி வந்தால் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொள்வார்.

“இன்னாண்ணா, கொழந்தையாட்டம் வெச்சிக்கினு வர்றீங்க?” என்பாள் அம்சா.

“உனக்கின்னாம்மா தெரியும். அந்தக் காலத்துல இது மட்டும் இருந்திருந்தா எத்தினி பன்னி அரை உசுரோட ஓடி அவஸ்தப்பட்டிருக்காது. ஒரே அடி, வலி தெரியாம போய்ச் சேரும். அதான் புண்ணியம்” என்பார்.

அம்சாவுக்கு அந்தப் பேச்சு பிடிக்கும். கொல்லத்தான் போகிறோம், வதைக்காமல் கொல்ல வேண்டும் என்பதில் அவள் உறுதியாக இருந்தாள். அந்தத் துப்பாக்கியில் ஐந்து பாவுக்கு மேல் சுடுவதில்லை என்று தனக்குள் ஒரு கோடு போட்டு வைத்திருந்தாள். அதற்கு மேல் போனால் தன் கை நிற்காது என்று அவளுக்குத் தெரியும்.

கொல்லைமேடு செவிலிமேட்டுக்குத் தெற்கே பாலாற்றைத் தாண்டி இருக்கிறது. ஜெயம்மாள் அங்கே தனியாக விவசாயம் பார்க்கிறவள். புருஷன் போய்விட்டான், மகன் ஒரகடத்தில் கம்பெனி வேலை. கடலை முற்றுகிற நேரத்தில் பன்றிகள் கூட்டமாக வந்து கொல்லையை உழுதுபோட்டதுபோல ஆக்கிவிட்டுப் போயின. எல்லோரும் செய்கிற மாதிரி அவளும் கயிறு கட்டிப் பழைய புடவைகளைத் தொங்கவிட்டாள். காற்றில் துணி ஆடினால் ஆள் நிற்பதாக நினைத்துப் பன்றி கிட்டே வராது. பன்றி நுழைகிற மூலைக்கு மட்டும் ஒரு பட்டுப் புடவையை எடுத்துக் கட்டினாள். அது மகனின் நிச்சயதார்த்தத்துக்கு எடுத்தது. கெட்டி ஜரிகை என்று தலையில் கட்டியிருந்தார்கள். பழைய பட்டு வாங்க வந்தவன் ஜரிகையை உரசிப் பார்த்து, “இது பிளாஸ்டிக்குமா, இதுல வெள்ளி கெடையாது” என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். காஞ்சிபுரத்துப் பக்கத்தில் இருந்துகொண்டே போலி ஜரிகையில் ஏமாந்ததை வெளியே சொல்ல முடியுமா? கட்டவும் மனசு வரவில்லை. வெயில் பட்டால் பளபளவென்று மின்னும், பன்றியாவது பயப்படட்டும் என்று கொல்லைக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

அன்று விடிகிற நேரத்தில் அம்சாவும் அந்தோணியும் களத்து மேட்டில் படுத்திருந்தார்கள். கிழக்கே வெளுத்து, புடவைகளின் நிறம் தெரியத் தொடங்கியிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம், கரும்பு வெட்டிய வெற்று நிலத்தில், ஒற்றைப் பன்றி ஒன்று மெதுவாக நடந்து வந்தது. பெரிய ஆண். வேலியைப் பார்த்துத் தயங்கிப் பக்கவாட்டில் திரும்பி நின்றது. பட்டுப் புடவைக்கும் அடுத்த புடவைக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. அதன் வழியாகப் பன்றியின் தோள் ஸ்கோப்பில் தெளிவாகத் தெரிந்தது.

ஸ்கோப்பில் கண்ணை வைப்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. எட்டுப் பாவு. அவ்வளவு தூரம் சுடக்கூடாது.

பட்டனை அமுக்கினாள். எண்பத்திரண்டு என்று வந்தது. அது நாலு பாவுதான்.

“எவ்ளோ காட்டுது?” என்று அந்தோணி கிசுகிசுத்தார்.

“எண்பத்திரெண்டு.”

அவர் பன்றியைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு, “அப்போ சரி” என்றார்.

சிவப்புப் புள்ளியைத் தோளில் வைத்தாள். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினாள். சுட்டாள்.

பன்றி முன்னங்கால் மடிந்து விழுந்து, அலறி, எழுந்து, மூன்று காலில் ஆற்றை நோக்கி ஓடி நாணல் புதருக்குள் மறைந்தது. பொழுது விடிந்துகொண்டிருந்தது. நாணலுக்கு நடுவே ஒரு ஒற்றையடிப் பாதை உண்டு. கம்பெனி வேனைப் பிடிக்கப் போகிற பெண்கள் அந்தப் பாதையில்தான் ஆற்றைக் கடந்து ரோட்டுக்கு வருவார்கள்.

கொல்லைக்கு ஓடிவந்த ஜெயம்மாள் இரத்தத்தைப் பார்த்துவிட்டு, “ஓடிப்போயிடுச்சி இல்ல, வுட்டுடுங்க. அடிபட்டது உள்ள கெடக்குது, நீங்க போவாதீங்கம்மா. குண்டு படலன்னு சொல்லிடுங்க” என்று கெஞ்சினாள்.

“பொம்பளைங்க வர்ற நேரம்மா” என்றார் அந்தோணி. அவர் ஏற்கெனவே நடக்க ஆரம்பித்திருந்தார்.

இன்னும் ஆள் வரட்டும் என்று சொல்ல அம்சா வாயெடுத்தாள். அதற்கு நேரமில்லை என்பதும் தெரிந்தது. இரத்தத் துளிகளைப் பார்த்துக்கொண்டே அவர் தடியால் நாணலை விலக்கி முன்னே போக, அவள் துப்பாக்கியோடு பின்னால் போனாள். பன்றி இவர்கள் நினைத்த பக்கத்திலிருந்து வரவில்லை. தன் தடத்தைத் தானே சுற்றி வந்து பக்கத்தில் படுத்துக் காத்திருந்தது. அந்தோணி திரும்புவதற்குள் அவரைத் தள்ளி மேலே ஏறிவிட்டது. அம்சா கண்ணை ஸ்கோப்பில் வைத்தாள். அதில் மயிரைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. எது பன்றி, எது மனுஷன் என்று தெரியவில்லை. கண்ணை எடுத்துவிட்டு, இரண்டடி முன்னே போய், துப்பாக்கிக் குழாயைப் பன்றியின் கழுத்தில் அழுத்திச் சுட்டாள்.

தன் பெல்ட்டைக் கழற்றி அவர் தொடையில் இறுக்கினாள். இரத்தம் நிற்கவில்லை. ஆம்புலன்சில் ஏற்றும்போது அவர், “பன்னி செத்துச்சா?” என்று கேட்டார். “செத்துச்சிண்ணா” என்றாள். “நல்லது” என்று கண்ணை மூடிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தார். விசாரித்தவர்களிடம், “நான்தான் அவசரப்பட்டுக் கிட்ட போயிட்டேன்” என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டார்.

அடக்கம் முடிந்த பிறகு வனவர் சபாபதி கொல்லைமேட்டுக்கு வந்தார். ஊர் கூடி நின்றது. பன்றி நின்ற இடத்தில் ஒரு சாக்கு மூட்டையைக் கொம்பில் கட்டி நிறுத்தினார்கள். அவர் களத்து மேட்டில் படுத்து, புடவை இடைவெளி வழியாகப் பட்டனை அமுக்கினார். அதே எண்பத்திரண்டு, வேலியின் தூரம்தான் வந்தது. பட்டுப் புடவையைக் கயிற்றோடு ஒதுக்கிப் பிடிக்கச் சொல்லி மறுபடி அமுக்கினார். மூட்டையின் தூரம் வந்தது, அதைப்போல இரண்டு பங்கு. சபாபதி எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார்.

“இந்த லேசர் ஒரு புள்ளியா போகாது, போகப் போக அகலமாகும். ஓரத்துல இருக்கற ஜரிகை மேல பட்டு, பளபளன்னு அதுதான் முதல்ல திரும்பி வந்திருக்குது. மிஷினுக்கு ஜரிகை எது, பன்னி எதுன்னு தெரியுமா? அம்சா மேல தப்பு ஒண்ணும் இல்ல.”

“என் பொடவைதானா சார்?” என்றாள் ஜெயம்மாள்.

“பொடவைதாம்மா” என்றார் அவர். நல்ல மனுஷர்தான். கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

அந்த நேரத்தில் அம்சாவுக்கு வந்தது நிம்மதி. அதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரத்தை யாரோ வந்து தூக்கிக்கொண்டு போனதுபோல இருந்தது. யார் தலைக்குப் போனது என்று அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஜெயம்மாள் அன்றைக்கே எல்லாப் புடவைகளையும் அவிழ்த்துவிட்டாள். பன்றிகள் வந்து மிச்சமிருந்த கடலையைத் தின்றன. அவள் போய் விரட்டவும் இல்லை, யாரையும் கூப்பிடவும் இல்லை. கடைக்குப் போனால் பேச்சு நின்றுவிடும். “ஒரு குடும்பத்த அழிச்ச பொடவ” என்று அவள் காதுபடவே ஒருத்தி சொன்னாள். மகன் வந்து ஒரகடத்துக்குக் கூப்பிட்டும் போகவில்லை.

ஒரு நாள் ரோந்து போகிற வழியில் அம்சா அந்தக் கொல்லையைப் பார்த்தாள். பறித்துப் போட்ட செடிகள் காய்ந்து கிடந்தன. நடுவே ஜெயம்மாள் சும்மா உட்கார்ந்திருந்தாள். அம்சாவைப் பார்த்ததும் எழுந்து, “மன்னிச்சிடும்மா, உன் கையால ஒரு பாவம் பண்ண வெச்சிட்டேன்” என்று கும்பிட்டாள்.

அன்றைக்கு அம்சா வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தாள். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள். நேராகச் செவிலிமேட்டுக்குப் போனாள்.

அந்தோணியின் மனைவி அன்னம்மாள் வீட்டில் தனியாக இருந்தாள். முப்பதாம் நாள் பூசைக்கு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அம்சாவைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்தாள். பாயை மட்டும் இழுத்துப் போட்டாள்.

அம்சா பாயில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தாள்.

“அக்கா, பொடவைனால இல்லக்கா. எனக்குத் தூரம் தெரியும். கண்ணாடியில பாக்கறதுக்கு முன்னாலயே தெரிஞ்சிடுச்சி. எட்டுப் பாவு. சுடக்கூடாதுன்னு தெரியும். எண்பத்திரெண்டுன்னு வந்துச்சா, அது எனக்குத் தோதா இருந்துச்சி. தப்புன்னு தெரிஞ்சிதான் இருந்துச்சி. இன்னொரு தரம் அமுக்கிப் பாத்திருக்கலாம்.” முறத்து அரிசியையே பார்த்துக்கொண்டு சொன்னாள். “அமுக்கினா வேற நம்பர் வந்துடுமோன்னு அமுக்கலக்கா. சரியான நம்பர் வந்துட்டா சுட முடியாதே. எனக்குச் சுடணும்னு இருந்துச்சி.”

அன்னம்மாள் முறத்து அரிசியிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கிப் போட்டாள். வெளியே டவுன் பஸ் ஒன்று வந்து நின்று, ஆள் இறக்கிவிட்டுப் போனது.

“தெரியும்” என்றாள் பிறகு.

அம்சா நிமிர்ந்தாள்.

“ஆஸ்பத்திரில அவரு சொன்னாரு. ‘அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாத்தேன், அவளுக்குத் தெரியும். எனக்கும் தூரமாத்தான் பட்டுச்சி. இன்னொருவாட்டி அமுக்குன்னு வாய் வரைக்கும் வந்துச்சி. நான் சொல்லல. புதுக் கண்ணாடி, அது எப்படி அடிக்குதுன்னு பாக்க எனக்கும் ஆசையா இருந்துச்சி’ன்னாரு.” அவள் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். “அப்புறம் சொன்னாரு, ‘அவ வருவா. வந்து சொல்லுவா. சொன்னா திட்டாத. வரலன்னா நீயா போய்க் கேக்காத’ன்னாரு. அன்னிலேர்ந்து தெனம் வாசலப் பாத்துக்கினு இருக்கறேன்.”

அம்சா அழவில்லை. அழுவதற்குத் தனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“திட்டாதன்னு சொன்னாரு” என்றாள் அன்னம்மாள் மறுபடி. குரல் மாறிக்கொண்டிருந்தது. “அவருக்கென்ன, சொல்லிட்டுப் போயிட்டாரு. நான் திட்டுவேன்டி. நான் திட்டணும்.”

“திட்டுங்கக்கா.”

“ஒரு பட்டனு! லைட்டு ஸ்விட்சு போடற நேரம் ஆவுமாடி அதுக்கு? ஒரு வெரலு அசைக்கறதுக்கு உனக்கு வலிச்சிச்சா? அந்த மனுசன் உன்ன நம்பி முன்னால நடந்தாரே. ‘அம்சா கூடப் போறேன், பயமில்ல’ன்னு சொல்லிட்டுப் போனாரேடி. அவரு எடுத்துக்கினு போன டிபன் பாக்ஸு இன்னும் உங்க ஜீப்புலதான் கெடக்குது. அதக்கூட ஒருத்தரும் கொண்டாந்து குடுக்கல. நீ கொண்டாந்தியா? எத்தினி நாளுடி? எத்தினி நாளு வாயத் தொறக்க?”

அவள் திட்டிக்கொண்டே போனாள். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி வாசலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். அம்சா அந்தத் திட்டு ஒவ்வொன்றும் தனக்கென்று வந்து சேர்வதை, அதற்காகவே வந்தவள்போல வாங்கிக்கொண்டிருந்தாள். குரல் கட்டிப்போன பிறகுதான் அன்னம்மாள் நிறுத்தினாள்.

எழுந்து பின்பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். அம்சாவுக்கு ஒரு சொம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

“அந்த ஜெயம்மா ரெண்டு தரம் இங்க வந்துச்சி” என்றாள். “வந்து என் கால்ல வுழுந்து, என் பொடவைனாலன்னு அழுதுச்சி. நான் இன்னா பண்ணேன் தெரியுமா? பேசாம நின்னுக்கினு இருந்தேன். எனக்குத் தெரியும், அந்தம்மா மேல தப்பு இல்லன்னு. தெரிஞ்சும் ஒரு வார்த்த சொல்லல. எனக்குக் கால்ல வுழ ஒரு ஆளு வேண்டியிருந்துச்சி.”

அவள் தலையை வாரி முடிந்துகொண்டு, கதவுக்குப் பின்னாலிருந்த செருப்பை எடுத்துப் போட்டாள்.

“எழுந்திரு” என்றாள். “ரெண்டு பேரும் அந்தம்மா வீட்டுக்குப் போலாம். மொதல்ல நான் சொல்றேன், அப்புறம் நீ சொல்லு.”